கன்ஸோ என்னும் ஊர்

ஞாயிற்றுக்கிழமை, காலை

நம் வாலுவின் அம்மாவுக்கு,

உன் கணவன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை முதல் பாதி சம்பிரதாயம். இரண்டாவது பாதிக்காகத்தான் இந்தக் கடிதமே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவது எங்கள் மேனேஜர் புகார் கேட்பதைப் போல இருக்கிறது. "சரிங்க, பாத்துக்கறேங்க, வச்சிடட்டுமா?" கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. பிரித்துவிட்டால் கடைசி வரி வரைக்கும் வந்துதான் ஆக வேண்டும்.

முதலில் மகள் செய்தி. உன்னுடைய சுடிதார் இப்போது அவளுக்குச் சரியாக இருக்கிறது. தோளில் மட்டும் பிடிக்கிறதாம். போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு சண்டை. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, "உங்கம்மா வெளிநாட்டுல போய் கிழவங்களுக்குக் கால் கழுவி விடறாங்களாமே" என்றிருக்கிறாள். இவள், "ஆமா. உங்கம்மா உனக்குச் செஞ்சதைத்தான் எங்கம்மா அவங்களுக்குச் செய்யறாங்க. நீ வளந்துட்ட, அவங்க வளர மாட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம்" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரையும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். டீச்சர் என்னை அழைத்துக் கண்டித்தார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

என் வேலையில் புதிதாக ஒன்றும் இல்லை. லிஃப்ட் ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் நின்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு வேடிக்கை. பழைய ஆபீஸ் கட்டிடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில், கன்ட்ரோல் பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் தகடு உண்டு. ஜப்பானிய எழுத்து. இத்தனை வருஷமாக அதன் கொக்கியில்தான் என் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறேன். இப்போது படிக்கத் தெரிந்ததும் படித்துப் பார்த்தேன். "கிக்கென்." ஆபத்து, தொடாதே என்று எழுதியிருக்கிறது! பையை அன்றைக்கே இடம் மாற்றினேன். பக்கத்துப் பொத்தான்களையும் படித்துவிட்டேன். "உன்தென்" என்றால் ஓட்டம், "தெய்ஷி" என்றால் நிறுத்தம். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிக்கொண்டிருந்தவனுக்கு, பெயர் தெரிந்ததும் அவற்றின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஜப்பானிய மொழி வகுப்பில் நான்தான் கடைசி பெஞ்ச். கூடப் படிப்பவர்கள் எல்லாம் உன்னைப் போல முதியோர் இல்ல வேலைக்குப் போகப்போகிற சின்னப் பெண்கள். என்னை "ஓஜிசான்" என்று கூப்பிடுகிறார்கள். மாமா என்று அர்த்தம். டீச்சருக்கே என் வயதில் பாதிதான் இருக்கும். வகுப்புக்குள் பெயரோடு "சான்" சேர்த்து அழைப்பார், வாசலைத் தாண்டினால் "அண்ணா". எழுத்து எனக்கு வந்துவிடுகிறது. காதுதான் வரவில்லை. இரண்டு பேர் பேசுவதைப் போட்டுக் காட்டினால் ரயில் போவதைப் போல இருக்கிறது. அவர்கள் பேசி முடித்து வீட்டுக்குப் போன பிறகுதான் முதல் வார்த்தையே எனக்குப் புரிகிறது. அடுத்த தேர்வையும் முடித்தால் ஜப்பானுக்கே பயிற்சிக்கு அனுப்புவதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள். பார்ப்போம்.

போன வகுப்பில் பாடம் எழுத்தைப் பற்றியது இல்லை, பழக்கத்தைப் பற்றியது. "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்வது அங்கே நாகரிகம் இல்லையாம். "ச்சொத்தோ" என்று இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார்களாம். "அது கொஞ்சம்…" என்ற மாதிரி. மீதியைக் கேட்கிறவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பெண், "எங்க ஹவுஸ் ஓனர்கிட்ட குழாய் ஒழுகுதுன்னு சொன்னா இப்படித்தான் டீச்சர் இழுப்பாரு" என்றாள். வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

லீவுக்கு வருவாயா என்று மகள் கேட்டபோது நீ சொன்னது என்ன? "அது கொஞ்சம்…" முகத்தைக் காட்டு என்றால் "இப்ப கொஞ்சம்…" நீ தமிழில்தான் பேசுகிறாய். நிறுத்துகிற இடம் மட்டும் அந்த ஊருடையது. போனை அலமாரியில் சாத்தி வைத்துவிடுகிறாய். எனக்குக் கூரையும் ஒரு விளக்கும்தான் தெரிகின்றன. அன்றைக்கு எதையோ எடுக்கக் கையை உயர்த்தினாய். உன் கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கை வரைக்கும் ஓடியது. வார் அறுந்துவிட்டதா என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாய். அறுந்த வார் கையில் எப்படி நிற்கும்?

உன் அக்கா வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். "போன எடத்துல மனசு மாறிடும் சகலை. நாமதான் புரிஞ்சுக்கணும்" என்றார். உன் அக்கா சமையலறையிலிருந்தே, "உங்களுக்கு உள்ளூர்லயே மாறும். அவளை ஏன் இழுக்கறீங்க?" என்றார். மனிதர் அதற்குப் பிறகு பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து, உன் பழைய புடவைகளை எல்லாம் எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரே ஒரு போட்டோ அனுப்பு. வெளிச்சத்தில் நின்று எடுத்தது. என்மேல் கோபம் என்றால் கோபம் என்றே சொல்லிவிடு. வேறு எதுவானாலும் அதையும் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் கணவன்

*

புதன்கிழமை, மதியம்

என் மனைவிக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

உன் போட்டோ வந்தது. அழகாக இருக்கிறாய். பின்னால் மரம் முழுக்கப் பூ. அங்கே இப்போது இலைகூட இல்லாத குளிர்காலம் என்று டீச்சர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழைய போட்டோ. அதை நான் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள் நாம் பேசிக்கொண்டிருந்தோம். மகள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். உன் அறைக்குள் யாரோ வந்தார்கள். நீ போனை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாய். வந்த அம்மா ஏதோ கேட்டார். வழக்கம்போல எனக்கு ரயில்தான். அதில் ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டது. "ஷுஜின்." கணவர். நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாய். அந்த அம்மா போனைப் பார்த்துப் பதறியிருக்க வேண்டும். "பரவாயில்லை, அவருக்குப் புரியாது" என்று அதையும் சொன்னாய். பிறகு என்னிடம் திரும்பி, "சிக்னல் சரியில்லங்க, வச்சிடறேன்" என்றாய்.

எனக்குப் புரிந்தது. அந்த வாரம்தான் எங்களுக்கு அந்த இலக்கணம். இங்கே புகை பிடிக்காதீர்கள், இங்கே படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து செய்யாதீர்கள் என்று வாக்கியம் வாக்கியமாக எழுத வைத்திருந்தார்கள். அதே அச்சில் வார்த்தது போல நீ சொன்ன வாக்கியம்: "என் கணவரிடம் சொல்லாதீர்கள்."

முதலில் உன் அக்கா வீட்டுக்காரர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுத வேண்டாம். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அப்படிப் போயிற்று. பிறகு அந்தக் கடிகாரம் நினைவுக்கு வந்தது. மனசு மாறினவள் மணிக்கட்டு எதற்கு இளைக்க வேண்டும்?

உன்னிடம் கேட்டால் நீ இழுப்பாய். அதனால் அவசரத்துக்கென்று நீயே கொடுத்திருந்த உங்கள் இல்லத்து நம்பருக்குப் பேசுவதென்று முடிவு செய்தேன். பழைய பிரேக் லைனிங் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, சொல்ல வேண்டியதை அதில் எழுதிக்கொண்டேன். வீட்டில் மகள் இருப்பாள் என்பதால் மெஷின் ரூமுக்குப் போனேன். லிஃப்டை நிறுத்தி, "பழுது பார்க்கப்படுகிறது" என்று போர்டை மாட்டினேன். கீழே இருந்து யார் யாரோ கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் இல்லத்து மேற்பார்வையாளர் அம்மாவே எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். என் மனைவிக்கு என்ன என்று கேட்டேன். அது சொந்த விஷயம், சொல்ல அனுமதி இல்லை என்றார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் மறுத்ததில்லை. நான் அட்டையில் எழுதாத ஒன்றைச் சொன்னேன்: "நான் குடும்பம்." இலக்கணம் சரியா தவறா தெரியாது. சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கினேன். போனில் பேசுகிறவனுக்கு எதற்கு வணக்கம்? தலை மோட்டார் மூடியில் இடித்துப் புடைத்துவிட்டது.

பிறகு அந்த அம்மா, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் போல, சின்னச் சின்னதாகப் பேச ஆரம்பித்தார். "இ… இ…" என்றார். தயங்குகிறார் என்று நினைத்தேன். வயிற்றுக்கு அவர்கள் மொழியில் ஒரே எழுத்துதான், "இ" என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி என்ற வார்த்தை வந்தது. அது தெரியும். பிறகு "கன்ஸோ" என்றார், "தென்-இ" என்றார். புரியவில்லை, எப்படி எழுத வேண்டும் என்று கேட்டேன். "உன்தென்னில் வரும் தென்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அது என் பொத்தானில் இருக்கிற எழுத்து! ஓட்டம், சுழற்சி. அடுத்த எழுத்து இடம் மாறுவது என்று அவரே விளக்கினார். ஆக, கன்ஸோவுக்கு மாற்றம். உனக்கு வயிற்றில் ஏதோ கோளாறு, கன்ஸோ என்ற ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். நன்றி, நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். லிஃப்டை ஓட விட்டேன். கீழே இறங்கி, கத்தியவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று சாயங்காலம் முழுக்க வரைபடத்தில் கன்ஸோவைத் தேடினேன். நீ இருக்கிற ஊரைச் சுற்றி விரலை வைத்துக்கொண்டு, கடற்கரை வரைக்கும் போய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை. சின்ன ஊராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வலி இருக்கிறதே என்று வருத்தம்தான். ஆனாலும், நல்ல ஆஸ்பத்திரி, சரியாகிவிடும், இதைப் போய் மறைப்பாளா என்று உன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் கேட்டேன். "டீச்சர், கன்ஸோன்னு ஒரு ஊரு. எங்க இருக்குன்னு தெரியுமா? வீட்டுக்காரியை அங்கதான் மாத்தியிருக்காங்க." அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்படி ஊர் கேள்விப்பட்டதில்லையே அண்ணா. யார் சொன்னா? முழுசா எப்படிச் சொன்னாங்க?" என்றார். நான் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். டஸ்டர் பலகையிலேயே நின்றுவிட்டது. திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் என் பக்கத்தில், பெண்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணா, அது ஊர் இல்லண்ணா" என்றார். "கன்ஸோன்னா ஈரல்."

அப்படியென்றால் தென்-இ?

"இது உங்க பாடத்துலயே வராதுண்ணா" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. "ஒரு எடத்துல இருந்த நோய் இன்னொரு எடத்துக்குப் பரவறது."

பின்னால் பெண்கள் நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஓஜிசான், பஸ்ஸுக்கு வரலையா?" என்று கேட்டாள். நான் வருகிறேன் என்றேன். எழுந்திருக்கவில்லை.

டீச்சரே அன்றைக்கு அவர் போனிலிருந்து உங்கள் இல்லத்துக்குப் பேசினார். கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். வயிற்றில் ஆரம்பித்தது. கண்டுபிடித்தபோதே ஈரலுக்குப் போய்விட்டது. அறுக்க முடியாது. மருந்து மட்டும். நீ மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் முதியவர்களைத் தூக்கி உட்கார வைத்தாய். இல்லத்தில் தடுத்த பிறகும், உட்கார்ந்தபடி செய்கிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாய்.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்பதற்கு நீ சொன்ன காரணத்தையும் அந்த அம்மா சொன்னார். "அவர் இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கார். தெரிஞ்சா புத்தகத்தைத் தூக்கிப் போட்டுடுவார். அவர் இங்க வரும்போது நோயாளியோட புருஷனா வரக்கூடாது, வேலைக்குன்னு வரணும்."

படிப்பாம், புத்தகமாம்! உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. நீ கணித்தது சரிதான். புத்தகத்தைத் தூக்கித்தான் போட்டேன். மொட்டைமாடிப் படியில் விழுந்து ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. பிறகு நானே குனிந்து பொறுக்கி அடுக்கினேன். பொறுக்காமல் என்ன செய்வது? அங்கே வந்து உன் டாக்டரிடம் நான் எந்த மொழியில் பேசுவது?

உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. மடித்த துணியை உதறி உதறி மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அன்றைக்கு நல்ல மனிதராகத்தான் இருந்தார். மகளிடம், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். நீ அறைந்து சாத்திய கதவை நான் மட்டும் திறந்தால் சரியாக இருக்காது.

விசாவுக்கு வேண்டிய தாள்களை உங்கள் மேற்பார்வையாளர் அம்மா அனுப்பிவிட்டார். மேனேஜர் லீவு கொடுத்துவிட்டார். நான் வருகிறேன். நீ யாரிடம் வேண்டுமானாலும் "சொல்லாதீர்கள்" என்று சொல்லிக்கொள். என்னிடம் "வராதீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் முகம் எப்படி இருந்தாலும் எனக்கு அது பார்த்த முகம்தான். விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசியது போதும்.

கடவுள் துணை இருக்கட்டும்.

உன்
கணவன்

*

வெள்ளிக்கிழமை, காலை

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இதைப் படம் எடுத்துப் பெரியம்மாவின் போனுக்கு அனுப்புகிறேன். பெரியம்மா படித்துவிட்டு உன்னிடம் கொடுப்பார். நேற்று போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். நீ "அப்பா, ஒண்ணும் கேக்கலப்பா" என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பேசவில்லை.

நான் இப்போது அம்மாவின் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்த அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, துணி காய்கிற ஒரு கம்பி. சுவரெல்லாம் சின்னச் சின்னச் சீட்டு. கதவில் "கதவு" என்று ஒட்டியிருக்கிறாள், கண்ணாடியில் "கண்ணாடி" என்று. எல்லாம் ஜப்பானிய எழுத்தில். வந்த புதிதில் பாடம் பண்ணுவதற்கு ஒட்டியது, எடுக்கவே இல்லை. உன் போட்டோவின் கீழே மட்டும் சீட்டு இல்லை. நான் வருவதற்குள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே மதியத்துக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். அதுவரை இங்கே இருப்பேன்.

நான் முதல்முதலாக உள்ளே போனபோது அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்பாமலே, "யாரு கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டாள். நானேதான், வழி கேட்டு வந்தேன் என்றேன். "எப்படிக் கேட்டீங்க? சொல்லுங்க பாப்போம்" என்றாள். கேட்டபடியே சொல்லிக் காட்டினேன். "தப்பு. ஆஸ்பத்திரியைப் பிரிக்காம ஒட்டிச் சொல்லணும். நீங்க பிரிச்சுச் சொன்னது முடி வெட்டற கடை" என்று திருத்தினாள். அதனால்தான் ஒருவர் என்னை ஒரு சலூன் வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தார். அதைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பி அழுதாள்.

அம்மா ரொம்ப இளைத்திருக்கிறாள். முடி கொட்டி, தலையில் பின்னல் குல்லாய் போட்டிருக்கிறாள். தோல் மஞ்சளாக இருக்கிறது. நீ பார்த்து அதிர்ந்துபோகக் கூடாதென்று முன்கூட்டியே எழுதுகிறேன். கண்ணும் குரலும் மட்டும் அதேதான்.

வலிக்கு மருந்து கொடுத்தால் மயக்கத்தில் மொழி மாறிவிடுகிறது. நர்ஸிடம் தமிழில் தண்ணீர் கேட்கிறாள். என்னிடம் ஜப்பானிய மொழியில், யாரோ பெரிய மனிதரிடம் பேசுவதைப் போல மரியாதையாக நன்றி சொல்கிறாள். நான் நடுவில் நின்று இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் சொல்கிறேன். தண்ணீர் வேண்டுமாம், கால் குளிர்கிறதாம், ஜன்னல் திரையை விலக்க வேண்டுமாம். இதற்குத்தான் அப்பா படித்திருக்கிறேன் போல. நர்ஸ் என் உச்சரிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார். மரியாதைக்குச் சொன்னதுதான். ஆனாலும் அம்மா அதைக் கேட்டாள், எனக்கு அதுவே போதும்.

இல்லத்திலிருந்து ஒரு பெரியவரை மேற்பார்வையாளர் அம்மா சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார். அம்மாதான் அவருக்கு நகம் வெட்டி விடுவாளாம். வேறு யார் வெட்டினாலும் கையை இழுத்துக்கொள்வாராம். வந்தவர் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அந்த விரல்களையே பார்த்தார். "வரிசை மாறிப்போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. அம்மா இன்னொரு கையால் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அம்மாவை நம் வீட்டுக்கே கூட்டி வந்துவிடலாம் என்றுதான் நான் வந்தேன். அம்மாவுக்கும் அதுதான் ஆசை. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரீட்சை முடிந்ததும் வரட்டுமா என்று நீ கேட்டதை அவரிடம் கேட்டேன். இங்கே யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை, சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். டாக்டர் நேராகச் சொன்னார். என் பாஷைக்காக மெல்லச் சொன்னார். இந்த வாரமே வரச் சொல்லுங்கள் என்றார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். நீ பயந்துவிடுவாய், வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். தலையிலிருந்த குல்லாயை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "வரட்டும். தனியா அனுப்பாதீங்க" என்றாள். "தல முடியை அவளே வெட்டிக்கறாளாமே, வந்தா சரி பண்ணி விடறேன்" என்றாள்.

பெரியம்மா உன்னோடு வருவார். உனக்கும் அவருக்கும் விசா தயாராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லி லீவு கேள். இங்கே குளிர் அதிகம், காதை மூடுகிற மாதிரி ஏதாவது எடுத்துக்கொள். பெட்டியில் இடம் இருந்தால் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற அம்மாவின் நீலப் பருத்திப் புடவையைக் கொண்டு வா. ஆஸ்பத்திரி அங்கி முதுகில் குளிர்கிறது என்கிறாள், மேலே போர்த்திக்கொள்ளக் கேட்கிறாள். புடவையைத் துவைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வா.

விமானத்தில் தூக்கம் வந்தால் தூங்கு. அழுகை வந்தால் அழு, பெரியம்மா இருக்கிறார். இங்கே வந்து அழக்கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். வாசலில் நான் நிற்பேன். எந்த வாசல் என்று தேடாதே, எல்லாரும் வெளியே வருகிற வாசலிலேயே நிற்பேன்.

நல்லபடியாக வந்து சேர், கண்ணு. பெரியம்மாவின் கையை விடாதே. பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.

அன்புடன்
அப்பா